உணவைக் காத்து உறுமும் நாயைப் பழக்குதல்

கமக்காரர் வீட்டு நாய் வளவையும் வயலையும் காப்பதற்கென வளர்க்கப்படுவது. காலபோக நெல் கதிர் முற்றும் நாட்களில் காட்டுப்பன்றி வரம்பு கடந்து இறங்குவதை முதலில் அறிந்து குரைப்பது அதுவே. மரவள்ளி, வற்றாளைப் பாத்திகளை முள்ளம்பன்றி கிளறாமலும், கத்தரி, பயற்றைத் தோட்டங்களில் குரங்குக் கூட்டம் நிலைகொள்ளாமலும் பார்த்துக்கொள்வதில் அதன் பங்கு சிறிதன்று. இரவில் காவற்கொட்டிலில் தனித்திருக்கும் கமக்காரனுக்கு அது உற்ற துணை.

இத்தகைய நாய் ஒன்று, தன் சோற்றுச் சட்டியருகே தவழ்ந்து சென்ற குழந்தையை ஒரு நாள் கடித்துவிடுகிறது. அன்றே அது அடித்துக் கொல்லப்படுகிறது. அல்லது சாக்கிலிட்டுக் கட்டப்பட்டு அயலூர்ச் சந்தையடியில் விடப்படுகிறது. குழந்தையின் முகத்தில் வடு எஞ்சுகிறது. வீட்டார் நல்ல காவலை இழக்கின்றனர். அயலூருக்குக் கட்டாக்காலி நாய் ஒன்று கூடுகிறது. கிராமங்களில் இது புதுமையான நிகழ்ச்சியன்று. எனினும், கடிப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே அந்த நாய் உறுமியிருக்கும். அவ்வுறுமலின் பொருளை அறிந்து தக்கவாறு பழக்கியிருந்தால், பெரும்பாலும் கடி நேர்ந்திராது.

உறுமலின் காரணம்

நாய் தன் உணவைக் காப்பது துர்க்குணத்தால் விளைவதன்று. ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. வைக்கப்படும் சட்டியோ ஒன்று. பின்தங்கிய குட்டி பசியோடு படுக்கிறது. முந்திக்கொண்டு பிறரைத் துரத்திய குட்டி வளர்கிறது. உணவைப் பறிகொடுக்கலாகாது என்னும் உணர்வு நாயினத்துக்கு இயல்பாகவே அமைந்தது. அறுவடை செய்த நெல்லைக் களத்தில் விட்டு வீட்டில் நிம்மதியாக உறங்கும் கமக்காரன் எவனும் இல்லை. நாயின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

இவ்வியல்பை வளர்த்துவிடுவது மனிதரின் நடத்தை. நாய் தின்றுகொண்டிருக்கையில் ஒருவர் சட்டியை இழுக்கிறார். எலும்பைக் கௌவியபோது மற்றொருவர் தடியோடு ஓடிவருகிறார். சிறுவர் வேடிக்கைக்காக வாலைப் பிடிக்கின்றனர். இவ்வாறு சில முறை நிகழ்ந்தபின், உணவு வேளையில் மனிதன் கிட்ட வந்தால் நட்டம் உண்டாகும் என நாய் கற்றுக்கொள்கிறது. வயிறு நிறைந்த நாய்கூட உறுமுவதற்குக் காரணம் இதுவே. பசி அதற்குக் காரணமாயிருப்பது சில வேளைகளில் மாத்திரமே. இழப்போம் என்ற அச்சமே அதன் வேர்.

கடிக்குமுன் தோன்றும் குறிகள்

நாய் திடீரெனக் கடித்தது என்று பலர் கூறுவர். உண்மையில் அது பல குறிகளை முன்னரே காட்டியிருக்கும். ஆள் நெருங்கியதும் அது மெல்லுவதை நிறுத்திச் சிலைபோல் நிற்கும். அல்லது முன்னையிலும் வேகமாக விழுங்கத் தொடங்கும். தலையைச் சட்டியின் மேல் தாழ்த்தி, உடலை ஆளுக்கும் சட்டிக்கும் இடையே கொண்டுவரும். தலையைத் திருப்பாமலே கடைக்கண்ணால் நோக்கும். அப்போது விழியின் வெண்மை நன்கு தெரியும். பின்னர் மேலுதடு உயரும். உறுமல் அதற்குப் பின்னரே வருவது. அதனையும் பொருட்படுத்தாதபோது காற்றைக் கடிப்பதுபோல் வாயை அடிக்கும். கடி இறுதியானது.

இக்குறிகளுள் அசைவற்று நிற்றலைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நாய் சாதுவாக நிற்கிறது எனக் கருதிக் கையை நீட்டுவோர் இக்கணத்திலேயே கடிபடுகின்றனர்.

அடித்துத் திருத்துவதன் தீங்கு

உறுமும் நாயை அடித்து அடக்க வேண்டும், வீட்டில் எசமான் யார் என்பதை அதற்குக் காட்ட வேண்டும் என்பது பரவலான எண்ணம். இவ்வெண்ணத்துக்கு ஓநாய்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சியொன்றும் துணை நின்றது. ருடோல்ப் ஷெங்கல் என்பவர் சுவிற்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிச்சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்து 1947 இல் கட்டுரையொன்றை வெளியிட்டார். அவை தலைமைக்காக ஓயாது போரிடுவதாக அதிலிருந்து கருதப்பட்டது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1970 இல் எழுதிய நூலும் இக்கருத்தைப் பரப்பியது. ஆனால் அவரே பின்னர் வட கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கட்டின்றி வாழும் ஓநாய்களைப் பல கோடைகாலங்களில் நேரிற் கண்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய குடும்பமே என 1999 இல் எழுதினார். ஒன்றுக்கொன்று அந்நியமான விலங்குகளை ஒரே கூட்டில் அடைத்ததால் எழுந்த சண்டையை இயற்கை எனக் கொண்டு, அதை நாய்க்கும் பொருத்தி, நாயை அடிப்பதற்கு நியாயம் தேடியதாகவே இது முடிந்தது.

அடியின் விளைவை அனுபவத்திலும் காணலாம். மனிதன் வந்தால் நட்டம் என்று நாய் அஞ்சியிருந்தது. இப்போது நட்டத்தோடு நோவும் வந்தது. அதன் அச்சம் மெய்யென உறுதிப்பட்டது. வேறொரு கேடும் உண்டு. உறுமும்போதெல்லாம் அடிபடும் நாய் உறுமுவதை விட்டுவிடும், அஞ்சுவதை விடாது. எச்சரிக்கை நின்றுபோக, கடி மாத்திரம் எஞ்சும். குளக்கட்டில் கசிவு தெரிந்தால் அதைக் கண்ட கமக்காரன் மகிழ்ச்சியடையாவிடினும், கசிவைச் சேற்றால் பூசி மறைத்துவிட்டு வீடு திரும்பமாட்டான். உறுமலும் அத்தகையது. உறுமும் நாய் இன்னும் பேசுகிறது. அது பேசாமற் போவதே ஆபத்து.

கைக்கு அஞ்சாத நாயாக்குதல்

உருசிய விஞ்ஞானி இவான் பவ்லோவ் (1849–1936) நாய்களின் சமிபாட்டை ஆராய்ந்து 1904 இல் நோபல் பரிசு பெற்றார். உணவு வாயில் படுமுன்னரே, உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டமாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் கவனித்தார். ஒன்றன் பின் ஒன்றாகத் தவறாது வரும் இரண்டு காரியங்களை நாயின் உடல் ஒன்றாகப் பிணைத்துக்கொள்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. உறுமும் நாயைப் பழக்கும் முறை முழுவதும் இவ்வுண்மையின் மீதே அமைந்தது. மனிதன் சட்டியை நெருங்கும்போதெல்லாம், சட்டியில் உள்ளதிலும் சிறந்த உணவு தவறாது வருமாயின், நெருங்கும் காலடியே நாய்க்கு இனிய செய்தியாகிவிடும். அச்சம் நீங்கிய இடத்தில் உறுமலுக்கு வேலையில்லை.

முதலில் ஒழுங்கான உணவிடம் வேண்டும். அடுப்படி வாயிலிலும் பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்திலும் சட்டியை வைத்தல் கூடாது. கொட்டிலின் பின்புறம் போன்ற ஒதுக்கான இடத்தில், நாள்தோறும் ஒரே வேளையில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாய்கள் இருப்பின் சட்டிகளும் வேறாக, ஒன்றையொன்று காணாத தூரத்தில் இருத்தல் வேண்டும். பழக்கம் முடியும்வரை, வீட்டிலுள்ள எவரும் நாயின் வாயிலிருந்து எதையும் பிடுங்கலாகாது. ஒருவர் பொறுமையோடு பழக்க, இன்னொருவர் தடியோடு துரத்தினால், பகலில் கட்டிய வரம்பை இரவில் வெட்டிவிட்டது போலாகும்.

அடுத்து, சிறந்த உணவு. நாயின் சட்டியில் சோறும் குழம்பும் இருக்கையில், அவித்த ஈரல், அவித்த கோழியிறைச்சி, முட்டை, முள்நீக்கிய மீன் ஆகியவற்றில் ஒன்றைப் புளியங்கொட்டை அளவான துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஏழெட்டுத் துண்டுகள் போதும், செலவு அதிகமன்று. கருவாடாயின் நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பின்னரே கொடுத்தல் நன்று. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை என்பதை வெங்காயச் செய்கையாளர் விசேடமாக நினைவிற் கொள்ள வேண்டும். கழித்த வெங்காயத்தையும் வெங்காயம் நிறைந்த கறியையும் நாய்க்கு இடும் வழக்கம் விடத்தக்கது. அவித்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும், அதுவும் ஆகாது.

இனிப் பழக்கும் விதம். நாயோடு நன்கு பழகிய வளர்ந்தவர் ஒருவரே தொடங்க வேண்டும். சட்டியை வைத்துவிட்டு விலகிச் சென்று, நாய் எத்தனை அடி தூரத்தில் ஆள் நிற்கும்போது தன்பாட்டில் இலகுவாகத் தின்கிறது என்பதை அவர் முதலில் அறிதல் வேண்டும். அது 10 அடி என்று வைத்துக்கொள்வோம். அவர் சாதாரண நடையில் அந்த 10 அடி வரை வந்து, ஒரு துண்டைச் சட்டியருகே எறிந்துவிட்டு, நில்லாமல் திரும்பிப்போக வேண்டும். நாயை உற்றுப் பார்த்தலும் குனிந்து நிற்றலும் வேண்டா. ஒரு வேளை உணவு முடிவதற்குள் இவ்வாறு ஐந்தாறு முறை செய்தால் போதும்.

இங்கே வரிசை முக்கியமானது. ஆள் வருவது முன்னும், துண்டு விழுவது பின்னும் இருத்தல் வேண்டும். மறைவில் நின்று துண்டை எறிந்துவிட்டுப் பின்னர் கிட்டப் போவாராயின், நாய் கற்பது நேர்மாறானதாகும். இறைச்சி விழுந்தால் யாரோ பறிக்க வருகிறார் என்று அது எண்ணத் தொடங்கும். முயன்று பார்த்தும் பயனில்லை என்று கூறுவோரிற் பலர் இவ்விடத்திலேயே பிழைவிடுகின்றனர்.

சில நாட்களில் நாயின் தோற்றம் மாறும். காலடி கேட்டதும் அது தலையை நிமிர்த்தும், உடல் இறுகாது, வால் தளர்ந்து ஆடும், என்ன கொண்டுவருகிறார் என்பதுபோல் கையை நோக்கும். இந்நிலை வந்தபின்னரே 8 அடிக்கு நெருங்கலாம். அங்கும் அவ்வாறே ஆனபின் 6 அடி. இடையில் நாய் இறுகினாலோ வேகமாக விழுங்கினாலோ, அவசரப்பட்டுவிட்டோம் என்று உணர்ந்து முந்திய தூரத்துக்குத் திரும்ப வேண்டும். சட்டியருகே நின்று துண்டை உள்ளே இடுதல், குனிந்து இடுதல், ஒரு கை சட்டியைத் தொட்டிருக்க மறுகையால் இடுதல், ஈற்றில் சட்டியை ஒரு கணம் உயர்த்தி நல்ல துண்டை இட்டு மீண்டும் வைத்தல் என்று படிப்படியாகச் செல்லலாம். சில நாய்களுக்கு இரண்டு வாரமும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதமும் செல்லும். மூன்றுமாத நெல்லுக்குப் பொறுத்திருப்பவர் இதற்கும் பொறுத்திருக்கலாம்.

ஒருவரிடம் அஞ்சாத நாய் மற்றவரிடமும் அஞ்சாது என்று கொள்ளுதல் தவறு. வீட்டுத் தலைவர் பழக்கி முடித்தபின், வீட்டிலுள்ள வளர்ந்தோர் ஒவ்வொருவரும் தொலைவிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். முன்னையிலும் விரைவாகவே அது முடியும். எலும்பும் தனியான பாடம். சோற்றுச் சட்டியில் சாந்தமாயிருக்கும் நாய் மாட்டெலும்பைக் கண்டால் வேறு நாயாகிவிடும். அதனைச் சட்டிப் பழக்கம் நன்கு வேரூன்றியபின் வைத்துக்கொள்வதே உசிதம்.

உறுமும் நாய்க்கு இறைச்சி கொடுத்தால் அது மேலும் உறுமக் கற்றுக்கொள்ளாதா என்று சிலர் வினவுவர். முறைப்படி செய்யும்போது நாய் உறுமுவதற்கு இடமே இராது. ஏனெனில் அது உறுமாத தூரத்திலேயே பழக்கம் நடைபெறுகிறது. தவறி உறுமிவிட்டாலும் விலகி நின்றால் போதும். அச்சத்தில் இருக்கும் பிராணி உணவு கிடைத்ததால் கூடுதலாக அஞ்சப் போவதில்லை. இவ்வாறு பழகிய நாய் காவலை விட்டுவிடும் என்பதும் வீண் ஐயம். வீட்டார் கைக்கு அஞ்சாமை வேறு, வரம்பில் இறங்கும் பன்றியைக் கண்டு குரைத்தல் வேறு. ஒன்றைப் பழக்கியதால் மற்றது கெடுவதில்லை.

கௌவியதை விடப் பழக்குதல்

நாய் காப்பது உணவை மாத்திரமன்று. செருப்பு, சாக்குத்துண்டு, வண்டியின் கீழுள்ள நிழல் முதலியவற்றையும் அது தனதாக்கிக்கொள்ளும். கமக்காரரைப் பொறுத்தவரை இதில் உயிராபத்தும் அடங்கியுள்ளது. வயலில் வைத்த எலிப் பாசாணத்தை, அல்லது கிருமிநாசினி இருந்த வெற்றுப் பையை நாய் கௌவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூச்சலிட்டுத் துரத்தினால் அது ஓடிக்கொண்டே விழுங்கிவிடும். சொல் கேட்டு வாயைத் திறக்கும் நாயே பிழைக்கும்.

அதனைத் துன்பமற்ற பொருளிலிருந்து தொடங்கிப் பழக்கலாம். நாய் ஒரு பழைய கயிற்றுத் துண்டைக் கௌவியிருக்கையில், மூக்கினருகே ஈரல் துண்டைக் காட்டினால் வாயைத் திறக்கும். திறக்கும் கணத்தில் "விடு" என்று தெளிவாகச் சொல்லி, துண்டைக் கொடுத்து, கயிற்றை எடுத்து, அதை மீண்டும் நாயிடமே கொடுக்க வேண்டும். மீண்டும் கொடுத்தலே இதன் உயிர்நாடி. விட்டால் எப்போதும் போய்விடும் என்று எண்ணும் நாய் விடமாட்டாது. பல நாள் செய்தபின் சொல்லை முன்னரும் ஈரலைப் பின்னரும் ஆக்கலாம். அப்போது சொல் கேட்டமாத்திரத்தில் நாய் வாயைத் திறந்து கையை நோக்கும். மெய்யாகவே நஞ்சைக் கௌவும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்க இயலாது. ஆனால் நூறு முறை திரும்பக் கிடைத்த நாய் ஒரு முறை கிடைக்காததைப் பெரிதுபடுத்தாது. ஏதேனும் விழுங்கியிருக்கக்கூடும் என ஐயமிருப்பின், பையையோ அதன் பெயரையோ உடன் கொண்டு மிருக வைத்தியரிடம் தாமதியாது செல்ல வேண்டும்.

பிள்ளைகளும் நாயும்

நாயைப் பழக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் விடலாகாது. நாய் எவ்வளவு சாந்தமாக மாறியபோதிலும், சிறு பிள்ளையையும் தின்னும் நாயையும் காவலின்றி ஓரிடத்தில் விடுதல் தவறு. பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதே தக்க காரணம். தின்னும் நாயருகே போகாமை, படுத்திருக்கும் நாயைக் கடவாமை, குட்டி ஈன்ற பெட்டையின் படுக்கையை எட்டிப் பாராமை ஆகிய மூன்றையும் பேசத் தொடங்கும் வயதிலேயே கற்பிக்கலாம். குட்டி ஈன்ற பெட்டை உறுமுவதைப் பழக்கத்தால் மாற்ற முயலவும் வேண்டா. தனிமையான இடமும் நிறைந்த உணவும் கொடுத்தால், குட்டிகள் நடமாடத் தொடங்கியபின் அது பெரும்பாலும் தானே தணியும்.

மிருக வைத்தியரை நாட வேண்டிய நிலைமைகள்

பல ஆண்டுகள் சாதுவாயிருந்த நாய் திடீரென உறுமத் தொடங்கினால், காதுப்புண், பல்நோ, மூட்டுநோ போன்ற ஏதேனும் வலி இருத்தல் கூடும். நீர்வெறுப்பு நோயையும் மறத்தலாகாது. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மாத்திரம் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் முயற்சியாலும், கடியுண்டோருக்குக் கிடைக்கும் சிகிச்சையாலும் அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. எனினும் நோய் ஒழிந்துவிடவில்லை. இயல்பு மாறி, விழுங்க முடியாமல் உமிழ்நீர் வடித்து, காரணமின்றிப் பாயும் நாயைப் பழக்க முற்படுவது உயிரோடு விளையாடுவதாகும். அதனை நெருங்காது அடைத்து வைத்து உடனே அறிவிக்க வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் தீது. கடித்த நாயைக் கோபத்தில் கொன்றுவிடாது கட்டிவைத்து, வைத்தியர் கூறும் நாட்கள் வரை அவதானிப்பது சிகிச்சைக்கும் உதவும்.

வீட்டிலுள்ளவரை இரத்தம் வரக் கடித்த நாயாயின், மேற்கூறிய பழக்கத்தை மிருக வைத்தியரின் ஆலோசனையுடன், கம்பிவலைக்கோ படலைக்கோ அப்பால் நின்றே தொடங்குதல் வேண்டும். சங்கிலியில் கட்டிய நாய் விலகிப்போக வழியின்மையால் கூடுதலாக அஞ்சும். அதன் சங்கிலி எட்டும் எல்லையை அறியாது நெருங்கலாகாது.

புதிதாகக் குட்டி வளர்க்கத் தொடங்குவோருக்கு வேலை மிக எளிது. சட்டியில் பாதிச் சோற்றை மாத்திரம் இட்டு, குட்டி தின்றுகொண்டிருக்கையில் மீதியையும் ஒரு மீன்துண்டையும் கையாலேயே கொண்டுபோய் இட்டு வந்தால், அது கைக்கு அஞ்சாது வளரும். எதற்கும் அஞ்சாதிருக்கப் பழக்குவதாக எண்ணி, தின்னும் குட்டியின் சட்டியைப் பலமுறை இழுத்தலும் வாயில் விரலிடுதலும் செய்யத்தகாதவை. எட்டு வாரக் குட்டியாயின், ஆண்டுதோறும் போடவேண்டிய தடுப்பூசியை எப்போது தொடங்குவது என்பதையும் அண்மையிலுள்ள மிருக வைத்திய அலுவலகத்தில் அப்போதே கேட்டு அறிந்துகொள்ளலாம்.